ஆம்ஸ்டர்டாமுக்குக் காரைநகர் வழியாக

பொன்னாலைத் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் கடல் விரிந்துவிடும். ஆழம் என்று பார்த்தால் முழங்கால் நனையும், அவ்வளவுதான். சிறகுவலைக் கம்புகள் கோணல்மாணலாக நிற்கும். மாரி ஓய்ந்த மாதங்களில் அவற்றுக்கு அப்பால் பூநாரைகள் இறங்கி மேயும். சின்ன வயதிலிருந்து பழகிய தெரு இது. இந்தமுறை அதில் நான் போனது ஊர் பார்க்க அல்ல, புத்தகம் பார்க்க. தோள்பையில் இலங்கையைப் பற்றிய மூன்று சுற்றுலாக் கைநூல்கள் கனத்தன. மூன்றும் வழுவழுத் தாளில் அச்சான, படம் நிறைந்த நூல்கள். நான் போகவிருக்கும் நாடோ நெதர்லாந்து.

என் பெறாமகள் ஒருத்தி ஆம்ஸ்டர்டாமில் குடியிருக்கிறாள். வரும் கோடையில் எங்களை அழைத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் ஊர் சுற்றுவது எங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு நல்ல படக் கைநூல் வேண்டும். கொழும்புப் புத்தகக் கடைகளில் அவை இருக்கின்றன. ஆனால் கண்ணாடித்தாள் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தால் வாங்கியாக வேண்டும். விலையைப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் வாங்க மனம் வராது. அட்டையை வைத்துத் தெரிவு செய்யலாமென்றால் எல்லா அட்டையிலும் அதே கால்வாய், அதே சைக்கிள், அதே துலிப் பூ.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த விருந்தினர் விடுதி ஒன்றின் அலுமாரியில், வெளிநாட்டுப் பயணிகள் விட்டுப்போன இலங்கைக் கைநூல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. கொழும்பில் நான் தடவிப் பார்த்த அதே தொடர்களின் இலங்கைப் பதிப்புகள். பார்த்திராத ஆம்ஸ்டர்டாமைப் பற்றி ஒரு நூல் சொல்வது சரியா பிழையா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தாயின் ஊரான காரைநகரைப் பற்றி அந்த நூலின் உடன்பிறப்பு என்ன சொல்கிறது என்று பார்த்தால், அந்தக் குடும்பத்தின் குணம் தெரிந்துவிடாதா? விடுதிக்காரரிடம் கேட்டு மூன்றையும் இரவல் வாங்கினேன்.

இந்தச் சோதனைக்குக் காரைநகரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிப் படம் வரைந்தார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடெல்பர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். அன்று காரைதீவு எனப்பட்ட காரைநகருக்கு வாய்த்த பெயர் ஆம்ஸ்டர்டாம். ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வலந்தலைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து மூன்று நூல்களையும் மேசையில் பரப்பினேன். முதலில் பார்த்தது பின்பக்கத்துச் சொல்லடைவை. ஒரு கைநூலை முன்னட்டையிலிருந்து புரட்டுவது பதிப்பாளர் விரும்பும் வழி; பின்னிருந்து புரட்டுவது பயணிக்கு உதவும் வழி. முழுப்பக்க வண்ணப்படங்கள் கொண்ட முதல் நூலில் காரைநகர் என்ற பெயரே இல்லை. கசூரினா கடற்கரை மட்டும் ஒரு படத்தோடு இருந்தது. இரண்டாவது, எழுத்து மிகுந்தது. காரைதீவு என்று தேடினால் கிழக்கு மாகாணத்துக் காரைதீவுக்குக் கொண்டுபோய் விட்டது. மூன்றாவது நூலில் வண்ணப்படங்கள் குறைவு, கோட்டுச் சித்திரங்கள் அதிகம். அதில் அரைப்பக்கம் கிடைத்தது. இனி இவற்றைப் படப்புத்தகம், எழுத்துப்புத்தகம், கோட்டுப்புத்தகம் என்றே சொல்கிறேன்.

“என்ன தம்பி, சோதினையோ?” என்றார் கடைக்கார ஐயா. தலை நரைத்தவனையும் தம்பி என்று கூப்பிடுகிற ஊர் அது. விஷயத்தைச் சொன்னேன். படப்புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, “படமெல்லாம் வடிவாத்தான் கிடக்கு. எங்கட கடை இல்லையே?” என்றார்.

அவர் பகிடிக்குச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். கொழும்பிலும் மலைநாட்டிலும் தென்பகுதிப் பட்டினங்களிலும் கடை வைத்தவர்கள் இந்த ஊரார். கைநூல் என்ற ஒன்றைக் கையால் தொடாமலே அவர்கள் நாடெங்கும் போய்வந்தார்கள். ஊரிலிருந்து புறப்படுகிற பையனின் சட்டைப்பையில் ஒரு கடையின் விலாசம் எழுதிய துண்டு இருக்கும். அந்தக் கடையில் இறங்கினால் படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்கும், எந்தத் தெருவில் யாரிடம் கவனமாக இருக்கவேண்டும் என்ற புத்திமதியும் கிடைக்கும். அந்தத் துண்டில் படம் இல்லை. ஆனால் ஒரு வழிகாட்டிக்கு இருக்கவேண்டிய மற்ற எல்லாம் அதற்குள் இருந்தன. கடை கண்ட பணத்தில் ஊரில் எழுந்த பெரிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. மதிலுக்கு மேலாக வடலி எட்டிப் பார்க்கிறது. பூட்டியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

திண்ணபுரத்தில் ஈழத்துச் சிதம்பரம். சிவனும் ஐயனாரும் ஒரே வளவில் குடிகொண்ட கோயில். மார்கழித் திருவாதிரைக்கு ஊர் நிரம்பும். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் ஆட்கள் வந்து சேருவார்கள், பூட்டிய வீடுகளின் சன்னல்கள் அந்தச் சில நாட்களுக்குத் திறந்திருக்கும். நான் போன நேரம் உச்சி வெயில், வீதியில் ஒரு சனம் இல்லை. வெளிவீதி மணல் கொதித்தது. மதிலின் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் மட்டும் காலடித் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. வீதி சுற்றியவர்கள் எல்லோரும் அந்த ஒரு முழத்தில் நடந்திருக்கிறார்கள். வெறுங்காலோடு நின்று அதைப் பார்த்த பிறகு நானும் அதில்தான் நடந்தேன்.

கோட்டுப்புத்தகத்தின் அரைப்பக்கத்தில் பாதி இந்தக் கோயிலுக்கு. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது, நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்ற மூன்றையும் சொல்லியிருந்தார்கள். எந்த நேரத்துக்குச் சாத்துவார்கள் என்பதில் அரைமணி நேரம் பிசகு. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். இதை எழுதியவர் இங்கே வந்து சட்டையைக் கழற்றியிருக்கிறார் என்பது தெரிந்தது. நெதர்லாந்துத் தேவாலயத்துக்குள் தொப்பியோடு போகலாமா கூடாதா என்று எனக்குச் சொல்லப்போவதும் இப்படி வந்து நின்ற ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

வண்ணப்படத்துக்கும் கோட்டுச் சித்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மதிலோர நிழலில் நின்று யோசித்தேன். நிழற்படம் ஒரு கணத்தில் ஓர் இடத்தில் நின்றவன் கண்டது. கோபுரம் இருக்கும், வானம் இருக்கும், உள்ளே என்ன என்பது தெரியாது. கோடு போடுகிறவன் சுவரை உரித்துக் காட்டலாம். கொடிமரம் எங்கே, தீர்த்தம் எங்கே, எந்த வாசலால் போய் எந்த வாசலால் வரவேண்டும் என்று ஒரே பக்கத்தில் வைக்கலாம். 1993-இல் லண்டனின் டோர்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் ‘ஐவிட்னஸ்’ கைநூல்களைத் தொடங்கியபோது செய்த புதுமை இதுதான். கட்டடங்களை வெட்டித் திறந்து காட்டினார்கள், தெருக்களைப் பறவை பார்ப்பதுபோல் வரைந்தார்கள். அதற்கு முன் 1970-இல் ஹான்ஸ் ஹோஃபர் என்ற ஜெர்மானியர் பாலித் தீவுக்கு ஒரு நூல் செய்து ‘இன்சைட்’ தொடரைத் தொடங்கினார்; அந்த வரிசை வண்ணப்படத்தையும் பண்பாட்டுக் கட்டுரையையும் நம்பியது. இன்று கடையில் கிடைக்கும் படக் கைநூல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஒன்றையோ, இரண்டையும் கலந்தோ பின்பற்றுகின்றன. வாங்குகிறவர் தமக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக் கதிரையில் இருந்து ஆசை வளர்க்க நிழற்படம். தெருவில் நிற்கும்போது கோடு.

கசூரினாவுக்குப் போனேன். படப்புத்தகத்தில் இதற்கு முழுப்பக்கம். வெண்மணல், சவுக்கு மரங்கள், நீலம், ஆள் சிலமன் இல்லை. நேரில் அன்று ஞாயிற்றுக்கிழமை. வான்களும் பஸ்களும் மரநிழலில் நின்றன. கச்சான் வறுக்கும் மணம் காற்றில் வந்தது. மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் தூவி விற்றார்கள். ஒரு குடும்பம் சோற்றுப் பானையோடு வந்து பாய் விரித்திருந்தது. பிள்ளைகள் கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டார்கள், தண்ணீர் இடுப்புக்கு ஏறவில்லை. இந்தக் கடற்கரையின் சிறப்பே அந்த ஆழமின்மைதான். நீந்தத் தெரியாதவரும் பயப்படாமல் இறங்கலாம். படத்தில் நீலம் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. படத்தை எடுத்தவர் யாரென்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், படங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. எழுதியவரும் படம் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் கண்டிருக்கமாட்டார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒருவரே எழுதி ஒருவரே படமும் எடுத்த காலம் உண்டு. 1908-இல் ஹென்றி கேவ் என்ற ஆங்கிலேயர் ‘தி புக் ஒஃப் சிலோன்’ என்ற பெருநூலை வெளியிட்டார். நூற்றுக்கணக்கான நிழற்படங்கள், அவரே எடுத்தவை. இலங்கை ரயில்பாதைகளுக்கு ஒரு வழிகாட்டி என்று உபதலைப்பிலேயே சொல்லிக்கொண்ட நூல் அது. வடக்குப் பாதை காங்கேசன்துறையைத் தொட்டது 1905-இல். மூன்று ஆண்டுக்குள் அதற்குப் படநூல் வந்துவிட்டது. கைநூல் எப்போதும் போக்குவரத்தின் பின்னால் போகும் பிராணி. தண்டவாளமும் விமானத்தளமும் உள்ள இடத்தில் பக்கங்கள் கொழுக்கும், பாதை முடிகிற இடத்தில் மெலியும். தமிழில் ஏ. கே. செட்டியாரைச் சொல்லவேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை படித்தவர் அவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவருடைய நூலின் பெயர் பிறகு அவருக்கே பட்டமாகிவிட்டது. அவருக்குப் பின் சோமலெ. நாடுகளைப் பற்றியும், தமிழ்நாட்டின் மாவட்டங்களைப் பற்றியும், அங்கே என்ன விளையும், என்ன கிடைக்கும், எதைப் பார்க்கலாம் என்று ஒரு கணக்கப்பிள்ளையின் ஒழுங்கோடு எழுதினார். அந்த மரபு தொடர்ந்திருந்தால், ஆம்ஸ்டர்டாமுக்குத் தமிழிலேயே ஒரு படக் கைநூலை நான் கொழும்பில் கேட்டு வாங்கியிருக்கலாம். அங்கே இருக்கிற தமிழர் தொகைக்கு அது ஒன்றும் பேராசை இல்லை.

கசூரினாவைத் தாண்டினால் கோவளம் வெளிச்சவீடு. 1916-இல் கட்டியது, 30 மீற்றர் உயரம், பவளக்கல் கோபுரம். மூன்று நூல்களிலும் இல்லை. அந்த முனையில் ஒரே காற்று. கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தீவின் தென்கோடியில் கடற்படைத் தளம். தமிழ் மன்னன் எல்லாளனின் பெயரால் எலாரா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் இப்படியும் நடக்கும். அதன் முன்னே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், தண்ணீரின்மேல் எண்கோணமாக உட்கார்ந்திருக்கிறது கடற்கோட்டை. கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658-இல் ஒல்லாந்தர் இரண்டு கிழமை முற்றுகையிட்டு, உள்ளே இருந்த குடிதண்ணீரை இல்லாமற் செய்து பிடித்தார்கள். நாற்புறமும் கடல், குடிக்கச் சொட்டு இல்லை. இலங்கைப் படம் அவர்களுக்குப் பன்றித்தொடைபோலத் தெரிந்ததால், தொடையின் குதிக்கால் இருக்கும் இடம் என்று கோட்டைக்கு ஹமென்ஹீல் எனப் பெயர். பிற்காலத்தில் அது தொற்றுநோயாளரின் மருத்துவமனையாக இருந்தது, சிறையாக இருந்தது. 1971 கிளர்ச்சியின்போது ஜே.வி.பி.யினரை இங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை நடத்தும் விடுதி. படப்புத்தகத்தில் இதற்கு அந்திநேரப் படமும் ‘தனிமையில் ஓர் இரவு’ என்ற மாதிரி ஒரு தலைப்பும். அடைபட்டிருந்தவர்களுக்கும் தனிமைக்குக் குறைவிருந்திராது.

இந்தக் கோட்டையையும் தீவுகளையும் படத்தோடு உலகுக்குக் காட்டிய பழைய புத்தகம் ஒன்று மற்ற ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற ஒல்லாந்துப் போதகர் 1658-இல் படையோடு யாழ்ப்பாணம் வந்து, சில ஆண்டுகள் கோயிற்பற்றுக் கோயிற்பற்றாகச் சுற்றினார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672-இல் வெளிவந்தது. செப்புத்தகட்டில் செதுக்கிய படங்கள், நிலப்படங்கள், வட்டுக்கோட்டை போன்ற ஊர்களின் தேவாலயங்கள், தமிழ் எழுத்துகளின் அட்டவணை, சிறு இலக்கணக் குறிப்பு. ஊர்களின் வரிசை, என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள், என்ன கும்பிடுகிறார்கள் என்று எல்லாம் உண்டு. வருகிறவருக்கு வழிகாட்ட எழுதிய நூல்தான்; வருகிறவர் சுற்றுலாப் பயணி அல்ல, ஆள வருகிற கும்பனிக்காரர். இங்குள்ளவர்களின் நம்பிக்கைகளை அவர் அருவருப்போடு விவரிக்கிற இடங்களும் இருக்கின்றன. அதையும் மீறி அவர் கேட்டறிந்தவற்றின் நுணுக்கம் இன்றைய படப்புத்தகத்தில் இல்லை. அவர் இங்கே வருடக்கணக்காக வாழ்ந்தார். பிடிக்காத ஊரில் வாழ்ந்தவன், பிடித்த ஊரில் ஒரு பகல் தங்கியவனைவிட நன்றாகப் பார்க்கிறான்.

கைநூல் எல்லா நேரத்திலும் அப்பாவிப் பண்டமும் அல்ல. ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட சிவப்பட்டை நூல்கள்தான் பார்க்கத்தக்க இடத்துக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தைப் பரப்பின. 1942-இல் எக்ஸிட்டர், பாத், நோரிச், யோர்க், கான்டர்பரி என்று இங்கிலாந்தின் பழம்பெரும் நகரங்கள்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. பேடெக்கர் நூலில் நட்சத்திரம் பெற்றவற்றை அழிப்போம் என்று ஜெர்மன் தரப்பில் ஒருவர் சொன்னதால் அந்தத் தாக்குதல்களுக்கே பேடெக்கர் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் நடந்தது வேறுவிதம். போர்க்கால இலங்கைக் கைநூல்கள் சிலவற்றை அந்த அலுமாரியில் பார்த்தேன். அநுராதபுரத்துக்கு வடக்கே நூல் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பந்தி. போகவேண்டாம் என்று ஒரு வரி. அதில் பிழை இல்லை. 1990களின் தொடக்கத்தில் காரைநகரே வெறுமையானது. சனம் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இதே பொன்னாலைத் தெருவால் வெளியேறியது. கைநூலில் ஓர் ஊர் இல்லாமற்போவதற்குப் பதிப்பாளரின் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஆனால் போர் முடிந்து, 2014-இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகும், சில நூல்கள் பழைய பந்தியையே பூசி மெழுகி வைத்திருக்கின்றன. பதிப்பு ஆண்டைப் பார்ப்பது மட்டும் போதாது. தெரிந்த ஒரு மாற்றம் நூலுக்குள் வந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவேண்டும்.

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் போனேன். பாதை என்றால் இங்கே தெரு அல்ல. மோட்டார் சைக்கிள், ஆடு, ஆசிரியை, மீன்கூடை எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டையான மிதவை. காசு வாங்குவதில்லை. எழுத்துப்புத்தகம் இந்த இடத்தில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பாதை ஓடுவதையும் அது இலவசம் என்பதையும் அது ஒன்றே சொல்லியிருந்தது. மற்ற இரண்டின் படமும் காரைநகரை ஒரு முட்டுச்சந்தாகக் காட்டி, பயணியை யாழ்ப்பாணம் வரை திருப்பி அனுப்பிப் பண்ணைப் பாலத்தால் வரச்சொல்கின்றன. படம் குறைந்த நூல் என்று அதை ஒதுக்கிவிட முடியாது போலிருந்தது.

ஊர்காவற்றுறை போர்த்துக்கேயருக்கு யானை ஏற்றும் துறை. வன்னியிலே பிடித்த யானைகளை இங்கே கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தரும் அதே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். இன்று துறையில் நாய்கள் படுத்திருக்கின்றன. வேலணை, தாம்போதி, புங்குடுதீவு, பூட்டிய வீடுகள், பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே ஒரே வரிசையில் நின்று ஒரே படகில் ஏறுகிறார்கள், நாகபூசணி அம்மனுக்குப் போகிற தமிழரும் நாகவிகாரைக்குப் போகிற சிங்களவரும். புத்தர் இரண்டாம் முறை இலங்கை வந்து, சூளோதரன் மகோதரன் என்ற நாக அரசர்களின் சண்டையைத் தீர்த்தது அவர்கள் போகும் நயினாதீவில்தான் என்பது மகாவம்சத்தை ஒட்டிய நம்பிக்கை. மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்பாரும் உண்டு. படகில் எனக்குப் பக்கத்தில் குருநாகலிலிருந்து வந்த ஓர் அம்மா வெள்ளைச் சேலையோடு தாமரை மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அலை தெறித்தபோதெல்லாம் பூவைத் தன் கையால் மூடினார். தன் முகத்தைத் துடைக்கவில்லை.

நயினாதீவில் நான் பார்க்கப்போனது ஒரு கல்லை. 12-ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்த சாசனம். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டாருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் உடைந்தால் செம்பாதி. கலாநிதி கா. இந்திரபாலா 1963-இல் இதைப் படித்துப் பதிப்பித்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு அறியவேண்டியது என்ன? எங்கே இறங்கலாம், யார் காவல், மோசம் போனால் என்ன மிஞ்சும். கல்லில் அது இருக்கிறது. வருகிறவர்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கிறது. கோட்டுப்புத்தகத்தின் நயினாதீவுப் பக்கத்தில் கோபுரத்தின் அழகான சித்திரம் உண்டு, சிற்பத்துக்குச் சிற்பம் அம்புக்குறி உண்டு, கல் இல்லை. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இருந்தாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்குதுறையில் விசாரித்துக்கொள்ளுங்கள், பலகையை நம்பவேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். பராக்கிரமபாகு இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பான்.

நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரக் கடல். சோளகம் தொடங்கிவிட்டால் அந்த ஒரு மணிநேரம் குடலைப் புரட்டும். மூன்று நூல்களும் நெடுந்தீவை நிலப்படத்தின் மூலையில் ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கின்றன. பெட்டிக்குள் போட்டால் தூரம் தொலைந்துபோகிறது, கரைக்குப் பக்கத்தில் கிடப்பதுபோல் தெரிகிறது. ‘போகச் சிறந்த காலம்’ என்ற அட்டவணையோ தென்பகுதிக் கடற்கரைகளுக்காகப் போட்டது. இந்தக் கடலில் 1985 மே 15-இல் குமுதினிப் படகை மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தையும் தப்பவில்லை. அந்தப் படகைத் திருத்தி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். தீவுச் சனத்துக்கு வேறு படகு ஏது? கைநூலில் இதை எதிர்பார்த்து நான் தேடவில்லை. எழுத்துப்புத்தகத்தில் இரண்டு வரி இருந்தது.

நெடுந்தீவில் வேலிக்குப் பதில் பவளக்கல் அடுக்கிய மதில்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின்மேல் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய வரிகள் நெளிகின்றன. இடைவெளிகளுக்குள்ளால் காற்று ஊதுகிறது. பெருக்குமரத்தின் பொந்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நுழைந்து நுழைந்து வந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை இடிந்து கிடக்கிறது. குதிரைகள் வெட்டையில் நின்றன, எலும்பு தெரிந்தது. படப்புத்தகத்தில் பிடரி பறக்க ஓடும் குதிரை. கோடையில் குளம் வற்றினால் இவை தண்ணீருக்கு அலைந்து சாகும் என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெட்டையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன். இந்த டெல்ஃப்டிலிருந்து அந்த டெல்ஃப்டுக்குப் போகப்போகிறேன் என்றேன். அப்படியும் ஓர் ஊர் உண்டோ என்றார். உண்டு. பால்டேயஸ் பிறந்தது அங்கேதான், 1632-இல். அதே ஆண்டு அதே ஊரில்தான் ஓவியர் வெர்மீரும், உருப்பெருக்கியால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ட லேவன்ஹுக்கும் பிறந்தார்கள். மூன்று பேரும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். முதியவருக்கு அதைச் சொல்லவில்லை. அவருக்கு வேறு கேள்வி இருந்தது.

“அங்க தண்ணி எப்பிடி?”

“ஊருக்குள்ளயே வாய்க்கால் வாய்க்காலா ஓடுதாம் ஐயா.”

“அது கிடக்கட்டும். குடிக்கலாமோ?”

நான் பையிலிருந்த நூல்களை நினைத்துக்கொண்டேன். குடிதண்ணீர் என்ற சொல் இலங்கைப் பதிப்புகளில் எங்கே வருகிறது? படப்புத்தகத்தில் தேடியும் அகப்படவில்லை. எழுத்துப்புத்தகத்தில் நாடு முழுமைக்கும் ஒரு பொது எச்சரிக்கை. கோட்டுப்புத்தகத்தின் நெடுந்தீவுப் பக்கத்தில், சித்திரத்துக்குக் கீழே, தண்ணீர் கையோடு கொண்டுபோகவும், தீவில் கடை அரிது, மரநிழல் மேற்கில் இல்லை என்று எழுதியிருந்தது. நயினாதீவுக் கல்லை விட்டுவிட்ட கோபம் எனக்கு அதில் தணிந்தது. கொழும்புக் கடைக்கு அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து, அந்தத் தொடரின் நெதர்லாந்துப் பதிப்பை எனக்கு எடுத்து வைக்கச் சொன்னேன்.

படகுக்குக் காத்திருக்கும்போது பெறாமகளையும் கூப்பிட்டேன். டெல்ஃப்டில் குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா என்று விசாரித்தேன்.

“என்ன பெரியப்பா, இந்த நாட்டில எங்கயும் குழாயைத் திறந்து அப்பிடியே குடிக்கலாம். இதைக் கேக்கவோ எடுத்தனீங்கள்?” என்றாள். நான் புத்தகம் தெரிவு செய்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறித்து, “புத்தகத்தைக் குறைச்சுப்போட்டு ஒடியல் மா கூடக் கொண்டுவாங்கோ. இஞ்ச நல்லது கிடைக்குதில்லை” என்றாள்.